உப்பளத்துப் பிள்ளை எதை எழுதுவது?

"மழையினால் உண்டாகும் நன்மைகள்" - நாம் பத்தாவது படித்தபோது நமக்குக் கொடுக்கப்பட்ட கட்டுரைத் தலைப்பு இது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று பிரிவு போட்டு ஒன்றரைப் பக்கம் எழுத வேண்டும். நமது வீடு உப்பளத்து வீடு. ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி கரையும். உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவதோடு வேலை தீர்ந்தது. தை பிறந்து பாத்தியைச் செப்பனிடும் வரை கூலி கிடையாது. ஆகையால் நாம் அறிந்ததை எழுதினோம். மழை பெய்தால் எங்கள் தெருவுக்குக் கடன்காரன் வருவான், அம்மா காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும் என்று எழுதினோம். உபாத்தியாயர் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, "தலைப்புக்குப் பொருந்தவில்லை" என்று ஓரத்தில் குறித்தார். பக்கத்துப் பையன் நோட்ஸை உருப்போட்டு, மழையினால் பயிர் செழிக்கும், குளம் நிரம்பும், நாடு நலம் பெறும் என்று எழுதினான். அவனுக்கு முழு மார்க். அவனும் உப்பளத்துப் பிள்ளைதான்!

அந்த உபாத்தியாயரை நாம் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். அவருக்கு மேலே ஒரு பரீட்சை, பரீட்சைக்கு மேலே ஓர் அதிகாரி. அவர் கையில் சிவப்பு மையைக் கொடுத்த ஏற்பாட்டின் மேல்தான் நமது வழக்கு.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை, ஆகவே 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2022இல் தமிழ்நாடு சர்க்காரே கொடுக்கத் தொடங்கியது. நமது தாளில் அடிபட்ட விஷயம் சர்க்கார் உத்தரவில் ஏறிவிட்டது! இடையில் போனது கால் நூற்றாண்டு. அதற்குள் எத்தனை மனு, எத்தனை தர்ணா, எத்தனை துண்டுப் பிரசுரம்! அவற்றையெல்லாம் எழுதியவர்கள் யார்? எழுதக் கற்றுத்தரப்படாத நாம்தான். சங்க ஆபீசில் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, நாலு பேர் அடித்துத் திருத்த, நள்ளிரவு வரை உட்கார்ந்து, ஒரு பக்க மனுவைப் பெற்றெடுத்தோம். நமக்கு எழுத்து இப்படித்தான் வந்தது. நமது பிள்ளைகளுக்கும் இப்படித்தான் வர வேண்டுமா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை, கவிதை, நாடகம், கடிதம், செய்தி என்று எல்லா வகையிலும் எழுதப் பழக்க வேண்டும் என்று சொன்னால், சில பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் பணம் கட்டி "கிரியேட்டிவ் ரைட்டிங்" வகுப்பு நடக்கிறது. அது கல்வியாம். வலைக்காரன் பிள்ளைக்கும், நடவுக்காரி பிள்ளைக்கும், சைடு பார்க்கும் மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே வகுப்பைக் கேட்டால், "இவர்களுக்கு எதற்கய்யா கதை? ஒரு படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்தால் போதாதா?" என்கிறார்கள்.

படிவம் நிரப்பத் தெரிய வேண்டும், சந்தேகமில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் அதற்கென்று ஒரு கேள்வியே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிவத்தில் கேள்வி கேட்பவன் ஒருவன், பதில் சொல்பவன் இன்னொருவன். கட்டம் போட்டவன் விட்ட இடத்துக்குள் நமது பெயரை அடக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கட்டத்துக்குள் பதில் எழுதுகிறவனாகவே ஒரு வர்க்கம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குப் படிவம் போதும். நமக்குப் போதாது.

2019இல் வந்த புதிய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நாம் புரட்டிப் பார்த்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டும், புத்தகம் மோசமில்லை. "கற்பவை கற்றபின்" என்று பாடத்துக்குப் பாடம் பிள்ளைகளை எழுதவும் பேசவும் திரட்டவும் தூண்டுகிறது. நமது கோவில்பட்டிச் சீமையின் கி. ராஜநாராயணனுடைய கோபல்லபுரத்து மக்களிலிருந்து ஒரு பகுதி பாடமாக இருக்கிறது. 2022இல் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று பிள்ளைகளுக்குப் பத்திரிகைகளும் தொடங்கியது. இதையெல்லாம் வரவேற்கிறோம். ஆனால் புத்தகம் ஒரு பக்கம் இழுத்தால் பரீட்சை மறுபக்கம் இழுக்கிறது. ஓட்டலில் வாங்கிய சாப்பாடு தரமில்லை, விலையும் அதிகம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுதும் பயிற்சி ஒன்று அந்தப் புத்தகத்தில் உண்டு. நல்ல விஷயம், முறையிடலாம் என்பதையாவது பிள்ளை அறிகிறது. அப்புறம் என்ன நடக்கிறது? அந்த ஒரே கடிதத்தை நோட்ஸ்காரன் அச்சடிக்கிறான், பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். ஓட்டல் வாசலை மிதிக்காத பிள்ளை ஓட்டல்காரர் மேல் புகார் எழுதி மார்க் வாங்குகிறது. அதே பிள்ளையின் தாய்க்கு இரண்டு வாரக் கூலி பாக்கி. தொழிலாளர் துறை அதிகாரிக்கு எப்படி முறையீடு எழுதுவது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால் விழிக்கிறது. நோட்ஸில் அது இல்லையே!

கட்டுரை ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவதில் ஒரு சூது இருக்கிறது, தோழர்களே. பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் புகழத் தெரியும். மழையைப் புகழும், நூலகத்தைப் புகழும், தலைவர்களைப் புகழும். கணக்குக் கேட்க அதற்குத் தெரியாது. சண்டை போடத் தெரியாது. அழக்கூடத் தெரியாது. "சுற்றுச்சூழல் பாதுகாப்பு" என்ற தலைப்பு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. தூத்துக்குடிப் பிள்ளைக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்தால் அதன் நெஞ்சில் எது வரும்? 2018 மே 22 வரும். ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 13 உயிர்கள் போன நாள் வரும். ஆனால் தாளில் வருவது என்ன? "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்." அந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று சொல்ல முடியுமா? உண்மையை எழுத எந்த வகை உண்டு என்றே அதற்கு யாரும் காட்டவில்லை.

வகை என்பது பெரிய விஷயம். நாம் அதை அனுபவத்தில் கண்டோம். ஒரு சங்க அறையில் சனிக்கிழமை மாலைதோறும் ஒன்பது பிள்ளைகளை உட்கார வைத்து ஒரே ஒரு தலைப்பைக் கொடுத்தோம்: உப்பு. வகை அவரவர் இஷ்டம், ஆனால் ஒரே பிள்ளை மூன்று வகையிலாவது எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பெண்பிள்ளை முதலில் கணக்கு எழுதினாள். தாய் ஒரு நாளைக்கு எத்தனை பாத்தி வாருகிறாள், எத்தனை நடை சுமக்கிறாள், கையில் வருவது எத்தனை ரூபாய், கடையில் அதே உப்பு பொட்டலம் என்ன விலை என்று நேராக எழுதினாள். அதில் ஓர் உவமையும் இல்லை, ஆனால் படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிறகு அதையே ஒப்பாரியாக எழுதச் சொன்னோம். பார்வை மங்கி வேலையை விட்ட ஆச்சி உப்பு வெள்ளையைப் பார்த்துப் பாடுவதாக எழுதினாள். கணக்கில் வராத கண்ணும், வெடித்த உள்ளங்காலும் ஒப்பாரியில் வந்தன. மூன்றாவதாக ஒரு பையனோடு சேர்ந்து சின்ன நாடகம். இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. நாடகத்தில் கங்காணியும் பேச வேண்டுமே! "அவன் என்ன பேசுவான்? ஏசத்தான் செய்வான்" என்றான் பையன். அப்படியானால் நாடகம் நிற்காதே என்றோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார்கள். கங்காணிக்கும் மேலே கண்டிராக்டர், இத்தனை டன் குறைந்தால் அவன் வேலைக்கும் உலை என்று கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். நாம் பத்துக் கூட்டத்தில் பேசி விளங்க வைக்க முடியாத சங்கிலியை ஒரு நாடகப் பக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டது.

கணக்கு கேட்கும், ஒப்பாரி அழும், நாடகம் எதிராளி வாயாலும் பேசும், மனு உரிமை கோரும், செய்தி யார் எங்கே எப்போது என்று நிறுத்திக் கேட்கும். ஒரே விஷயத்தை இத்தனை வகையிலும் எழுதிப் பார்த்த பிள்ளையை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. இதற்காகத்தான் நாம் இந்தக் கல்வியைக் கேட்கிறோம். எல்லாப் பிள்ளையும் கவிஞனாகிவிட வேண்டும் என்பதற்காக அல்ல. (கவிஞர்கள் இப்போதே போதுமான அளவு இருக்கிறார்கள் என்பது நமது சொந்த அபிப்பிராயம்!)

இதெல்லாம் நமது ஜனங்களுக்குப் புதிதா? ஒருபோதும் இல்லை. நாற்று நடுகிறவளுக்கு நடவுப் பாட்டு உண்டு, குலவை உண்டு. வலை இழுக்கிறவனுக்கு அம்பாப் பாட்டு உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, சொலவடை, கொடை விழாவில் வில்லுப்பாட்டு என்று பிறப்பிலிருந்து சாவு வரை வகை வகையாய்ச் சொல்லி வாழ்ந்த ஜனங்கள் நாம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் அத்தனையும் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட்டுவிட்டது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை ஓர் ஆசிரியர். அவர் 1964இல் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" தொகுப்பைக் கொண்டுவந்தபோது, எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி போன்றவர்கள் கரிசல் கிராமங்களில் அலைந்து பாட்டுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். படிக்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாயிலிருந்து வந்த பாட்டுகள் புத்தகமாயின. கி. ராஜநாராயணன் உயர்நிலைப் படிப்பை முடிக்காதவர். கதை எழுதினார், நாவல் எழுதினார், கடிதம் எழுதினார், நாட்டார் கதைகளைத் தொகுத்தார், 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டுவந்தார். பட்டம் இல்லாத அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. நமது கடற்கரைக்கு அப்படி ஓர் அகராதியைப் பள்ளிப் பிள்ளைகளே ஏன் தொடங்கக் கூடாது? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு இருக்கிற பெயர்களை எந்தப் பிள்ளையும் தாத்தாவிடம் கேட்டு எழுதிவிடலாம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அன்று கல்லைக் கட்டிக்கொண்டு பாரில் இறங்கியவர்களில் இன்று எஞ்சியிருப்போர் தள்ளாத கிழவர்கள். அவர்கள் வாய்ச்சொல்லை எழுதி வைக்க இதற்குமேல் காலம் கிடையாது.

உப்பளத்து வாழ்வை நாவலாக்கிய "கரிப்பு மணிகள்" 1979இல் வந்தது. எழுதிய ராஜம் கிருஷ்ணன் வெளியிலிருந்து இங்கே வந்து, நமது பெண்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதியவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கேட்கிறோம்: வாருபலகை பிடித்தவளின் மகள் அதை எழுதும் நாள் எப்போது?

இந்த மண்ணின் இரண்டு பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டயபுரத்துப் பாரதி 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர். பாட்டு, சிறுகதை, வசன கவிதை, பத்திரிகைக் கட்டுரை, சொந்தச் சரிதம், மொழிபெயர்ப்பு என்று எதையும் விட்டுவைக்காதவர். தமிழ்ப் பத்திரிகையில் கேலிச் சித்திரம் போட்டு வெள்ளைக்காரனை ஆட்டிவைத்தவர். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தட்டி எழுப்பினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத்தான் தொழிலாளர்கள் ஆலைக்குள் திரும்பினார்கள். அதே ஆண்டு மார்ச் 12இல் அவர் கைதானார். சிறையில் செக்கிழுத்த மனிதர் அங்கிருந்தே நீதி நூல் எழுதினார், மொழிபெயர்த்தார், தமது சரித்திரத்தைச் செய்யுளில் வடித்தார். இப்படி எல்லா வகையிலும் எழுதிய இருவரைப் பற்றியும் இன்று நமது பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? "நான் விரும்பும் தலைவர்" என்று ஒரே அச்சில் வார்த்த கட்டுரை. மேலே பிறப்பு, கீழே இறப்பு, நடுவில் மேற்கோள் மூன்று!

இனி எதிர்ப்புக்கு வருவோம். பண்டிதர்கள் சிலர், பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்கிறார்கள். நாடகத்தில் உப்பளத்துக்காரி இலக்கணத் தமிழ் பேசினால் கெடுவது நாடகம் என்று நாம் சொல்கிறோம். மனு எழுதும்போது ஆபீஸ் தமிழ், செய்தி எழுதும்போது பத்திரிகைத் தமிழ், பாட்டில் வீட்டுத் தமிழ். எந்த இடத்துக்கு எந்தத் தமிழ் என்று தெரிந்தவனுக்குத்தானே மொழி கைவசமாயிற்று என்று பொருள்? எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, அது பிறவியில் வருவது என்று ஒரு வாதமும் உண்டு. 1950இல் மலாயாவில் தமிழ் நேசன் பத்திரிகை "கதை வகுப்பு" என்றே ஒன்று நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாசகர்களுக்குக் கதை எழுதப் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பின் அந்தப் பத்திரிகைக்கு வேலைக்குப் போன நமது இடைசெவல் கு. அழகிரிசாமியும் அங்கே இளைஞர்களைக் கூட்டி இலக்கியம் பழக்கினார். மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலர் அந்த வகுப்புகளில் உருவானவர்கள். பிறவியிலா வந்தது?

நமது தோழர்களே சொல்லும் ஆட்சேபம்தான் நமக்கு வலிக்கிறது. ஒரு மில் தோழர் முகத்துக்கு நேரே கேட்டார்: "அண்ணாச்சி, என் மவன் கணக்குல பெயிலு. நீங்க கதை எழுதச் சொல்லுதீய. கதை சோறு போடுமா?" நியாயமான கேள்வி. கணக்கை விட்டுவிட்டுக் கதை எழுது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோழரையே கேட்கிறோம்: மில் நிர்வாகம் குற்றப்பத்திரிகை கொடுத்தபோது பதில் எழுதத் தெரியாமல் எத்தனை நாள் அலைந்தீர்கள்? கடைசியில் நடந்ததை நடந்தபடி, மணி நேரத்தோடு, சாட்சியோடு எழுதிய பின்புதானே உங்கள் வேலை பிழைத்தது? நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் கதை எழுதுகிறவன் கற்கும் முதல் பாடம்.

லண்டன் துறைமுகத்தை ஒட்டிய ஸ்டெப்னி என்ற ஏழைப் பகுதியில் 1971இல் நடந்த சம்பவத்தை நமது துறைமுகத் தோழர்கள் அறிய வேண்டும். கிறிஸ் சியர்ல் என்ற இளம் ஆசிரியர், தன் மாணவர்களை அவர்கள் வாழும் தெருவைப் பற்றிக் கவிதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் கண்டதை எழுதினார்கள். இருட்டும் அழுக்கும் தனிமையும் அதில் வந்தன. "ஸ்டெப்னி வேர்ட்ஸ்" என்று அதைப் புத்தகமாக வெளியிட்டார். பள்ளி நிர்வாகத்துக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? சுமார் 800 பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைய மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள்! இரண்டு ஆண்டுகள் போராடி 1973இல் சியர்ல் அதே வேலைக்குத் திரும்பினார். பிள்ளைகளின் கவிதைக்கு நிர்வாகம் ஏன் பயந்தது? ஏழையின் பிள்ளை தன் தெருவைத் தன் சொல்லில் எழுதினால், தெருவை அப்படி வைத்திருப்பவன் யார் என்ற கேள்வி அடுத்த வரியில் வந்துவிடும் அல்லவா!

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்கிற ஆசிரியத் தோழர்களுக்கு பிரான்ஸ் தேசத்துச் செலஸ்தின் பிரெனேயைச் சொல்வோம். கிராமப் பள்ளி ஆசிரியர், கம்யூனிஸ்டாக இருந்தவர். முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் அடிபட்டதால் அவரால் வகுப்பில் நீண்ட நேரம் பேச முடியாது. ஆகவே பிள்ளைகளை எழுத விட்டார்! பிள்ளைகள் இஷ்டப்பட்டதை எழுதுவார்கள், வகுப்பு கூடிப் படிக்கும், நல்லதை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள். 1920களில் அவர் வகுப்புக்குள்ளேயே ஒரு சிறு அச்சு யந்திரத்தை வைத்தார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடித்து வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் வலதுசாரிகள் கூச்சல் போட்டு அவரைச் சர்க்கார் பள்ளியிலிருந்து துரத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று அச்சு யந்திரம்கூட வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா, ஒரு சுவர் போதும். திருச்செந்தூர்க் கடற்கரைப் பள்ளிக்கும் விளாத்திகுளம் கரிசல் பள்ளிக்கும் இடையில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போய் வந்தால் என்ன செலவாகிவிடும்? மீன் ஏலத்தில் தரகர் அடிக்கும் கொள்ளையைக் கரிசல் பிள்ளை படிக்கும். மிளகாய் வத்தல் விலை விழுந்த கதையைக் கடற்கரைப் பிள்ளை படிக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும், பரீட்சைக்கு என்று அல்லாமல் எழுதுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். கட்டுரைக் கேள்வியில் உருப்போட முடியாதபடி, பிள்ளை தன் ஊரையும் தன் வீட்டுத் தொழிலையும் எழுதும் தலைப்பு ஒன்றாவது வர வேண்டும். வகையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளை எழுதிய உண்மைக்காக ஆசிரியர் மீது கை வைக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் தமிழாசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும், அறுபது நோட்டைத் திருத்தும் ஒருவரால் ஒரு பிள்ளையின் கதையை உட்கார்ந்து படிக்க முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. நம்மவர்கள் அதில் பெயருக்கு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகளின் கட்டுரை நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மழையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.